கீரையை ஒதுக்கிவிட்டுப் புரதமா?

இன்று எங்கும் புரதம் பற்றிய பேச்சுத்தான். ஜிம்முக்குச் செல்லும் நானாமார் அவித்த முட்டை, கோழி இறைச்சி, புரத மா என்று வாழ்கிறார்கள். உடல் மெலிய விரும்பும் எம் வயது மாணவிகளும் அதே வழியில் இறங்கிவிட்டனர். அவர்களது தட்டிலிருந்து சோற்றோடு சேர்ந்து பருப்பும் கீரையும் பழமும் போய்விடுகின்றன. எனக்குக் கவலை தருவது இதுதான்.

புரதம் கெட்டதல்ல. வளரும் எமக்கு அது அவசியம். ஆனால் எமது பெருங்குடலில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. சிறுகுடலில் சமிக்காமல் எஞ்சுவதே அவற்றின் உணவு. நார்ச்சத்து கிடைத்தால் அவை அதை நொதிக்கச் செய்து பியூற்றிரேற்று போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்குப் பிரதான எரிபொருள் இந்தப் பியூற்றிரேற்றுத்தான்.

புரதத்தை அளவுக்கு மிஞ்சி உண்டால் அதிலும் ஒரு பகுதி பெருங்குடலை அடைகிறது. நார்ச்சத்தும் இல்லாதபோது பற்றீரியாக்கள் அந்தப் புரதத்தையே உடைக்கின்றன. அப்போது அமோனியா, அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு, பரா கிரெசோல் போன்ற அனுசேப விளைபொருட்கள் உண்டாகின்றன. இவை மிகுந்தால் குடற்சுவருக்கு நல்லதல்ல. பரா கிரெசோலிலிருந்து ஈரலில் உருவாகும் பொருளைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களின் இரத்தத்தில் அது தேங்கிவிடுகிறது.

ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் பருமனான 17 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011இல் வெளியானது. புரதம் கூடி மாச்சத்தும் நார்ச்சத்தும் மிகக் குறைந்த உணவை 4 வாரங்கள் உண்டபோது அவர்களது குடலில் பியூற்றிரேற்று வெகுவாகக் குறைந்தது. எடை குறைக்க உண்ட உணவே குடலின் எரிபொருளையும் குறைத்துவிட்டது.

தசை வளர்ப்போருக்குப் புரதம் கூடுதலாகத் தேவையல்லவா என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் இறைச்சி கூடும்போது கீரை குறைய வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50 கிலோ நிறையுள்ளவருக்கு அது சுமார் 42 கிராம். மீன், முட்டை, பருப்பு, பயறு உள்ள வீட்டுச் சாப்பாட்டிலேயே இதைப் பெறலாம். பருப்பிலும் பயற்றிலும் கௌப்பியிலும் புரதத்தோடு நார்ச்சத்தும் சேர்ந்தே வருகிறது. எந்தப் புரத மா டின்னை விடவும் இவை மலிவானவை.

பெற்றோரே, பிள்ளை இறைச்சியை மட்டும் தின்றுவிட்டு எழும்பினால் "நல்லா சாப்பிட்டான்" என்று மகிழாதீர்கள். தட்டில் வல்லாரைச் சம்பல் எஞ்சியிருக்கிறதா என்றும் பாருங்கள். தோழியரே, மெலிய வேண்டுமென்றால் அளவைக் குறையுங்கள், கீரையைக் குறைக்காதீர்கள். உண்பதில் வரம்பு மீறக் கூடாது என்பது எம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு. அந்த வரம்பு சோற்றுக்கு மட்டுமல்ல, புரதத்துக்கும் உண்டு.