முழங்கால் நோவது ஒழுக்கமா?

கராத்தே வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. பிள்ளை படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான். ஆசிரியரிடம் முறையிட்டால், "நொந்தால்தான் உரம் ஏறும்" என்ற பதில் வருகிறது. பெற்றோரும் எண்ணெய் தடவி மறுநாள் அனுப்பிவிடுகின்றனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம்மவர் வீடுகளில் நடப்பது இதுதான். இந்தப் பதில் ஒழுக்கத்தின் பெயரால் மறைக்கப்படும் அறியாமை.

தசைநோ வேறு, மூட்டுநோ வேறு. புதிதாகப் பயில்பவரின் தொடை இரண்டு மூன்று நாட்கள் நோவது இயல்பு. முழங்காற்சில்லைச் சுற்றி எழும் நோவோ எச்சரிக்கை. முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நீள்வதற்கான மூட்டு. முறுக்கைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. சுழன்று உதைக்கும்போது ஊன்றிய பாதமும் திரும்பவேண்டும். சீமெந்துத் தரையில் பாதம் ஒட்டிக்கொண்டால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலின் இணையங்களிலும் குருத்தெலும்பிலும் இறங்கும். தாழ்ந்து நிற்கையில் முழங்கால் உட்புறம் சரிவதும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும். தண்டனையாகக் குந்தியபடி தவளைப் பாய்ச்சல் பாயவைப்பதை என்னவென்று சொல்வது!

வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முழங்காலின் கீழே எலும்பு புடைத்து நோகும் நிலையை ஒஸ்குட், ஸ்லாட்டர் என்ற இரு வைத்தியர்கள் 1903 ஆம் ஆண்டிலேயே தனித்தனியே விவரித்துவிட்டனர். நூற்றாண்டுக்கும் மேலான அறிவு நம் பயிற்சி மண்டபங்களின் வாசலைத் தாண்டவில்லை.

"இது மரபு" என்பார்கள். எந்த மரபு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பாடசாலைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்ற இதொசு அன்கோ, மாணவருக்கென்றே பயிற்சிகளை எளிமைப்படுத்தினார். 1922 இல் ரோக்கியோவில் அதனை அறிமுகப்படுத்திய ஃபுனகோஷியின் பழைய படங்களில் அவர் நிற்கும் நிலை இன்றையதைவிட உயரமானது. ஷொட்டோகானின் மிகத் தாழ்ந்த நிலைகள் பெரிதும் அவருடைய மகன் காலத்தில் வந்தவை. பிள்ளையின் முழங்காலைக் காவு கேட்கும் அளவுக்கு அவை தொன்மையானவை அல்ல.

தாழ்ந்து நிற்பதே தவறென்று நான் சொல்லவில்லை. தொடையும் இடுப்பும் வலுப்பெற்ற பின்னர், படிப்படியாகத் தாழட்டும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடங்குகிறதா என்று ஆசிரியர் பார்க்கட்டும். நோவு வந்தால் பாய்ச்சலையும் ஆழமான நிலைகளையும் நிறுத்தட்டும். வீக்கம் கண்டாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, கால் திடீரெனத் தளர்ந்தாலோ வைத்தியரிடம் அனுப்பட்டும்.

"பிள்ளைகளைச் சொகுசாக்குகிறீர்கள்" என்று சிலர் சினப்பார்கள். பத்தாண்டு பயிலவேண்டிய கலையைப் பத்தே வாரத்தில் கைவிடச் செய்வது மட்டும் வீரமா? பட்டியின் நிறம் மாறுவதற்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், பிள்ளையின் முழங்காலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.