செங்கல் நிறம் கெட்டுப்போன நிறமல்ல

பழைய சிவப்பு ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, விளிம்பில் செங்கல் நிறம் தெரிந்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். திராட்சைச் சாயம் காற்றுப்பட்டு அழிந்துவிட்டது, ஒயினும் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். கருமை கூடினால் தரமும் கூடும் என்பது இதன் மறுபாதி. இரண்டுமே பிழை.

சாயம் திராட்சைத் தோலிலிருந்து வருவது உண்மைதான். பினோ நுவார் கருந்திராட்சை. அதை மெதுவாகப் பிழிந்தால் வெளிறிய சாறே வரும், அதிலிருந்து வெள்ளை ஷாம்பெயின்கூடச் செய்கிறார்கள். ஆனால் தோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமி, ஒயினின் அமிலத்தன்மையில் தனித்து நின்றால் அதன் சிறு பங்கு மட்டுமே சிவப்பாக இருக்கும். மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து நிறமிழந்து நிற்கும். அப்படியானால் இளம் ஒயினுக்கு நாவற்பழக் கருமை எப்படி வந்தது? பிற ஃபீனால் மூலக்கூறுகள் அந்த நிறமியோடு தளர்வாக ஒட்டி நிறத்தைக் கூட்டுகின்றன. டேவிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரோஜர் போல்டன் 2001இல் எழுதிய ஆய்வுரை, இளம் ஒயினின் நிறத்தில் 30 முதல் 50 விழுக்காடு இந்த ஒட்டுறவால் வரலாம் என்கிறது.

இந்த ஒட்டுறவு நீடிப்பதில்லை. அதன் இடத்தில் உறுதியான பிணைப்புகள் உருவாகின்றன. ஆந்தோசயனின், துவர்ப்புப் பொருளான டானினோடு இணைந்து பெரிய நிறமியாகிறது. நொதித்தலின்போது ஈஸ்ட் விடும் பைருவிக் அமிலத்தோடு இணைந்தால் ஆரஞ்சு கலந்த சிவப்புடைய வைட்டிசின் ஏ என்ற நிறமி பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிறிஸ் சாமர்ஸ் 1971இல் காட்டியது இன்னும் வியப்பானது: ஓராண்டுக்குள்ளேயே ஒயின் நிறத்தில் ஏறக்குறையப் பாதி இந்தப் பெரிய நிறமிகளுடையது. ஆந்தோசயனினை எளிதில் வெளுக்கச் செய்யும் சல்ஃபர் டைஆக்சைடையும் இவை தாங்கும். காலப்போக்கில் நிறமிகளில் ஒரு பகுதி சிதைகிறது, ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. நிறம் இளைப்பது அதனால்தான். ஆனால் கோப்பையில் தெரியும் செங்கல் நிறம் பெரிதும் ஒயினுக்குள்ளேயே புதிதாக உருவான நிறமிகளின் வேலை.

காற்றை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. சிறிதளவு ஆக்சிஜன் ஆல்கஹாலின் ஒரு துளியை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஆந்தோசயனினுக்கும் டானினுக்கும் இடையே பாலமாகி நிறத்தை நிலைநிறுத்துகிறது. பிரான்ஸின் மதிரான் பகுதியில் பத்ரிக் துகூர்னோ, கடும் துவர்ப்புள்ள தன்னா திராட்சை ஒயினுக்குள் ஆக்சிஜனை நுண்குமிழ்களாக விடும் முறையை 1990களில் வளர்த்தெடுத்தார். அளவு மீறினால் கேடுதான். ஆனாலும் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்குத் திராட்சையில் செய்து, பல ஆண்டுகள் மரப்பீப்பாயில் வேண்டுமென்றே காற்றுப்பட வைக்கும் டானி போர்ட் ஒயின், பழுப்பு நிறத்தோடும் போற்றப்படுகிறது.

கருமைக்கும் தரத்துக்கும் என்ன உறவு? சதையும் சிவந்த அலிகாந்த் புஷே திராட்சையை, வெளிறிய ஒயின்களுக்கு நிறமேற்றவே தென் பிரான்ஸில் ஏராளமாகப் பயிரிட்டார்கள். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் தண்ணீர் கலந்து மறுபடி பிழிந்தாலும் நிறம் நிற்கும் என்பதால் அதற்குப் பெரும் கிராக்கி. இத்தாலியின் நெபியோலோ திராட்சையிலோ ஆந்தோசயனின் குறைவு, டானின் மிகுதி. அதிலிருந்து வரும் பரோலோ, 38 மாதம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்பது சட்டம். சிறு வயதிலேயே விளிம்பில் ஆரஞ்சு காட்டும் அந்த ஒயின் பல பத்தாண்டுகள் தாங்குகிறது.