நியமன நாற்காலிக்குப் பெயர் பிரதிநிதித்துவமா?

“பிரிட்டிஷ்காரன் இருந்தவரைக்கும் ஹாங்காங் நல்லா இருந்துச்சு” என்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அவன் ஆண்ட நூற்றைம்பது வருடத்தில் அந்த ஊர்ச் சீனர்கள் எத்தனை முறை நேரடியாக ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு ஆள் அனுப்பினார்கள்?

இரண்டே முறை. 1991, 1995. 1997இல் அவன் மூட்டை கட்டிவிட்டான்.

சட்டசபை வந்தது 1843இல். அதில் முதல் சீனர் உட்கார்ந்தது 1880இல். அவர் இங் சோய். சிங்கப்பூரில் பிறந்து லண்டனில் சட்டம் படித்தவர். திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது கவர்னர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையின் மொழி ஆங்கிலம். ஊர் பேசியது கான்டனீஸ். சீனம் ஆட்சிமொழி ஆனதே 1974இல்தான்.

அந்த நாற்காலிக்கு என்ன பலம் இருந்தது? 1904இல், கவர்னர் அனுமதியில்லாமல் பீக் மலைப்பகுதியில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அப்போது ஹோ காய், வெய் யுக் என இரண்டு சீனர்கள் சபையில் இருந்தார்கள். சட்டம் நிறைவேறியது. 1946 வரை இருந்தது.

1925-26இல் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்து ஊரையே முடக்கினார்கள். 1926இல் முதல்முறையாக ஒரு சீனரை நிர்வாக சபையில் சேர்த்தார்கள். யாரை? வேலைநிறுத்தத்தை எதிர்த்து அரசோடு நின்ற ஷௌசன் சௌவை. பட்டினி கிடந்தது ஒருத்தன், நாற்காலி இன்னொருத்தனுக்கு.

“தேர்தல் வைத்தால் பீஜிங் கோபித்துக்கொள்ளும், அதனால்தான் வைக்கவில்லை” என்பார்கள். 1949க்குப் பிறகு அந்தப் பயம் உண்மைதான். அதற்கு முந்தைய நூறு வருடம் யார் தடுத்தது? 1894இல் வெள்ளை வியாபாரிகள் தங்களுக்குச் சுயாட்சி கேட்டார்கள். கையளவு ஐரோப்பியர்கள் பெரும்பான்மைச் சீனர்களை ஆள விடமுடியாது என்று லண்டன் மறுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, அந்தப் பெரும்பான்மைக்கே ஓட்டுக் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. 1946இல் கவர்னர் மார்க் யங் ஒரு சீர்திருத்தத் திட்டம் கொண்டுவந்தார். 1952இல் அதையும் குப்பையில் போட்டார்கள்.

நீதிமன்றமும் பத்திரிகையும் சீனத்து நிலைமையை விடச் சுதந்திரமாக இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எஜமான் விட்டுவைத்த சுதந்திரம். மக்கள் கையில் ஓட்டு இல்லாததால், அடுத்த எஜமான் வந்தபோது தடுக்க வழியில்லை.

2021இல் பீஜிங் சட்டசபையை 90 இடமாக்கி, நேரடித் தேர்தலுக்கு 20 மட்டும் ஒதுக்கியது. அராஜகம்தான். ஆனால் வங்கிக்காரர்கள், வக்கீல்கள் என்று தொழில்வாரியாக இடம் பிரிக்கும் ஏற்பாடு 1985இல் பிரிட்டிஷ்காரன் போட்டது. பீஜிங் அந்தப் பூட்டைப் புதிதாகச் செய்யவில்லை, சாவியை வாங்கிக்கொண்டது.

இன்றைய அடக்குமுறையைத் தாராளமாகத் திட்டுங்கள். அதற்காகப் பழைய எஜமானுக்கு மாலை போட வேண்டியதில்லை.