பச்சை வெளி யாருக்கு?

தோட்டங்கள் இருந்த ஊர்களில் திறந்த வெளியைக் காக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கூடவே கோல்ப் மைதானம் என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. "கட்டடம் எழும்பாது, பச்சை அழியாது, கட்டணம் செலுத்தினால் எவரும் ஆடலாம், நிலம் பொதுச் சொத்தாகவே இருக்கும்" என்று ஆதரிப்போர் அடுக்குகிறார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொதுவில் தோட்டத் தொழிலாளிக்குப் பங்கு உண்டா, இல்லையா? அதை முதலில் கேட்டாக வேண்டும்.

செக்ரோல் எழுதிப் பழகியவர்கள் நாம், கணக்கையே பார்ப்போம். 18 குழி மைதானத்துக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் வேண்டும். அதே நிலத்தில் ரப்பர் நின்றபோது, ஏக்கருக்கு 125 மரம் என்று வைத்தால், ஒருவர் நாளொன்றுக்கு வெட்டும் 500 மரத்துக்கு 4 ஏக்கர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பதால் ஒருவர் கையில் 8 ஏக்கர். ஆக, பால் மரம் வெட்டியே ஏறத்தாழ 19 பேர் அந்த 150 ஏக்கரில் குடும்பம் நடத்தினர். களையெடுத்தவர்களும் பால் கொட்டகையில் நின்றவர்களும் இக்கணக்கில் சேரவில்லை. இவர்களை நம்பி லயமும், ஆயாக் கொட்டகையும், தமிழ்ப் பள்ளியும், கோயிலும் இருந்தன. மைதானம் வந்தால் புல் வெட்டச் சிலருக்கு வேலை கிடைக்கலாம். வீடு? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போன அன்றே அதுவும் போய்விடும்.

1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நம்மவரை நடுத்தெருவில் நிறுத்தியது. பின்னர் அதே காரியத்தை மேம்பாடு என்ற பெயரில் செய்தார்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த புக்கிட் ஜாலில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அங்கே விளையாட்டரங்கம் எழுந்தது; தொழில்நுட்பப் பூங்கா வந்தது; கோல்ப் மைதானமும் வந்தது. எஞ்சி நின்ற 41 குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ளக் கேட்டது 4 ஏக்கர். 2011இல் அவர்கள் கைக்கு வந்ததோ, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு!

புக்கிட் கியாராவின் கதை இன்னும் கசப்பானது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், 1980களில் தொழிலாளர்கள் தற்காலிகமாக லைன் வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். தற்காலிகம் தலைமுறை தாண்டியது. அதே குன்றின் இன்னொரு பக்கத்தில் 36 குழி கோல்ப் மைதானம் விரிந்து கிடந்தது. 2017இல், 25 ஏக்கர் ரிம்பா கியாரா பூங்காவில் 12 ஏக்கரில் அடுக்குமாடிகள் எழுப்ப அனுமதி தரப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கும் அதில் இடம் உண்டு என்றனர். சுற்றுவட்டாரத்தார் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரல் 18இல் அந்த அனுமதி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்கா பிழைத்தது, நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் தொழிலாளிக்கு வீடு தேடியபோது அதிகாரிகளின் கண்ணுக்கு ஊரார் உலவும் பூங்கா பட்டது, கோல்ப் மைதானம் படவில்லையே, ஏன்? ஏழையின் வீட்டையும் பொதுமக்களின் பூங்காவையும் மோதவிட்டார்கள். பெரிய நிலம் பிடித்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள்.

கோல்ப் நிலத்தைத் தொடவே முடியாதா? சிங்கப்பூரைப் பாருங்கள். கெப்பல் கிளப்பின் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று 2014இல் அரசாங்கம் அறிவித்தது. அந்த மைதானம் இருந்த இடத்தில் சுமார் 6,000 வீவக வீடுகளுக்குத் திட்டமிட்டது. மனம் இருந்தால் வழியும் உண்டு.

நாம் விளையாட்டுக்குப் பகைவர்கள் அல்லர். தோட்டத்துத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள்தாம். ஆனால் உதைபந்துத் திடலில் ஊரே கூடலாம். கோல்ப் மைதானத்தில் நால்வர் ஆடும்போது மற்றவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். ஆகவே வரிசையை நேராக்கச் சொல்கிறோம். முதலில் அம்மண்ணில் உழைத்தவர்களுக்குச் சொந்த வீடு. அடுத்து எல்லாரும் கால்பதிக்கும் பூங்காவும் திடலும். அதன்பின் நிலம் மிஞ்சினால் கோல்ப் ஆடட்டும். கட்டணமும் கூலிக்காரன் கொடுக்கக் கூடியதாக இருக்கட்டும்.

தோழர்களே! உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்க 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் தீபகற்பத்தில் இடம் தருகிறது. காலக்கெடு குறுகியது. உங்கள் வட்டாரத்து வரைவைப் போய்ப் பாருங்கள். லயம் நிற்கும் இடத்தில் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சங்கம் வற்புறுத்த முடியும்.