விரல் பட்டால் மட்டும் கணக்கு வராது

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால், வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். அப்பா கட்டிங்கில், அம்மா செக்கிங்கில் என்று இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் துணை பாட்டியும் செல்போனும்தான். “சும்மா வீடியோ பார்க்கறதில்லைங்க, கணக்கு விளையாட்டுதான் விளையாடறான்” என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். ‘தொட்டு விளையாடும் கணிதச் செயலி’ ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் போதும், மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளை கணக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் என்ற கருத்து இன்று வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முழுதாக நிற்கவில்லை.

“தொட்டு இழுப்பதும் செயல்வழிக் கற்றல்தானே?”

இல்லை. செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவர்கள் கையில் பொருளைக் கொடுத்தே எண்ணைக் கற்பிக்கச் சொல்கிறது. அங்கே பிள்ளை ஏழு என்றால் ஏழு பொருளை எடுத்து வைக்க வேண்டும்.

பல செயலிகளில் நடப்பது வேறு. திரையில் ஐந்து மாம்பழமும் இரண்டு மாம்பழமும் தெரியும்; கீழே நான்கு விடைகள் இருக்கும். பிள்ளை முதலில் 6-ஐத் தட்டும், தப்பு. 8-ஐத் தட்டும், தப்பு. அடுத்து 7-ஐத் தட்டியதும் கைதட்டல் ஒலிக்கும், நட்சத்திரம் கொட்டும். மாம்பழத்தை அது ஒருமுறைகூட எண்ணியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் நான்காவது தட்டுக்குள் விடை வந்தே தீரும். இதில் பிள்ளை கற்றுக்கொள்வது தட்டிப் பார்ப்பதை மட்டுமே. விடையைப் பொறுக்க வைக்கும் விளையாட்டைத் தவிர்த்து, விடையைக் கட்டி எழுப்ப வைக்கும் விளையாட்டைத் தேடுங்கள். ஏழைக் காட்ட ஏழு பொருளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்வது, பத்து சேர்ந்ததும் அதை ஒரு கட்டாகக் கட்டச் சொல்வது, தப்பானால் எத்தனை குறைகிறது என்று காட்டுவது: இப்படிப்பட்டதுதான் செயல்வழிக் கற்றல்.

“கணினியால் கணக்கு வளர்கிறது என்று ஆய்வே சொல்கிறதே?”

சொல்கிறது; அது சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். குஜராத்தின் வடோதராவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பிரதம்’ அமைப்பு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்கு விளையாட்டுகள் வைத்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் அதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். கணக்கு மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆனால் அங்கே ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பாடத்தோடு ஒட்டிய விளையாட்டு, பக்கத்தில் வழிகாட்ட ஓர் ஆள். தனியாக ஒரு மூலையில் மணிக்கணக்கில் செல்போனோடு உட்காரும் பிள்ளைக்கு அந்த முடிவு பொருந்தாது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பெற்ற பலனில் பெரும்பகுதி கரைந்தும் போயிருந்தது.

டெல்லியில் டுஃப்லோவும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் மற்றவர்களும் சேர்ந்து பாலர் பள்ளிகளில் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. எது கூட, எது குறைவு என்று கண்ணால் ஒப்பிடும் விளையாட்டுகளைப் பிள்ளைகள் சில மாதம் விளையாடினர். அந்த ஒப்பிடும் திறன் வளர்ந்து நிலைத்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்றப் பிள்ளைகளை முந்தவில்லை. விளையாட்டாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல சான்று. எண்ணின் அளவு, அதன் பெயர், எழுதும் எண்ணுரு ஆகிய மூன்றும் விளையாட்டுக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயர் எந்த மொழியில் என்பதும் முக்கியம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து திருப்பூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எண்ணும் செயலி வீட்டு மொழியோடும் ஒட்டாது, வகுப்புத் தமிழோடும் ஒட்டாது.

“பெற்றோருக்கு நேரமும் இல்லை, படிப்பும் இல்லை. அதனால்தான் செயலி.”

எல்லாவற்றிலும் கனமான வாதம் இதுதான். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவரிடம் ‘பிள்ளையோடு உட்காருங்கள்’ என்று சொல்வது எளிது, செய்வது கடினம். ஆனாலும் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். இரவு தூங்கப் போகுமுன் பெற்றோரும் முதல் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து படித்துப் பேசும் ஒரு கணக்குச் செயலியைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. மிகுதியாகப் பலன் பெற்றவர்கள் யார் தெரியுமா? கணக்கென்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகள். அந்தச் செயலி பெற்றோரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர்கள் வாயைத் திறக்க வைத்தது.

படிப்பு இல்லை என்பதும் சரியல்ல. பீஸ் ரேட்டில் வேலை செய்யும் தாய் டஜனையும் கூலியையும் மனக்கணக்காகவே போட்டுக்கொண்டு சனிக்கிழமை சம்பளத்தைச் சரிபார்க்கிறார். அவர் கையில் தினமும் புரளும் பனியன் சைஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: 75, 80, 85, 90, 95, 100. இந்த எண்களை அட்டைத் துண்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, “வரிசையா அடுக்கு சாமி” என்று சொன்னால் அது எண்கோடு. “80-க்கும் 90-க்கும் நடுவுல எது?” என்று கேட்டால் அது எண்களின் உறவு. “75-க்கு அப்புறம் எத்தனை கூடுது?” என்று கேட்டால் அது ஐந்தின் மடங்கு. இதற்குப் பத்து நிமிடம் போதும், சோறு வேகும் நேரத்திலேயே நடக்கும்.

“காசு கொடுத்து வாங்குவதுதான் தரமானது.”

கட்டையையும் கட்டத்தையும் மேசையில் அடுக்க, கேமரா அதைப் பார்த்துத் திரையில் பதில் சொல்லும் ‘ஆஸ்மோ’ போன்ற விளையாட்டுகள் உண்மையிலேயே நல்ல யோசனை. ஆஸ்மோவின் நிறுவனத்தைக் கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ் 2019-இல் 12 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-இல் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. சந்தா கட்டி வாங்கும் விளையாட்டின் ஆயுள், அதை நடத்தும் நிறுவனத்தின் ஆயுள்தான்.

பரமபத அட்டைக்கு அந்தக் கவலை இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துப் பாலர்கள் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நேர்கோட்டு அட்டையில், எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் காய் நகர்த்தினர். சில நாள், நாளுக்குக் கால் மணி அளவுதான் விளையாட்டு. அவர்களின் எண்ணறிவு உயர்ந்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் கொண்ட அதுபோன்ற அட்டையில் நிறத்தைச் சொல்லி விளையாடியவர்களுக்கு உயரவில்லை. எனவே பரமபதத்தில் 14-ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று விழுந்தால், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நகர விடாதீர்கள். “பதினஞ்சு, பதினாறு, பதினேழு” என்று சொல்லி நகரச் சொல்லுங்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது.

“சின்ன வயதிலேயே தொடங்கினால் முந்திக்கொள்ளும்.”

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டுதல் தெளிவானது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம்; இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் உடனிருக்க. கணக்குச் செயலிக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை.

செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விளம்பரமும் நேரக் கெடுவும் இல்லாத, பிள்ளையின் கையே விடையைக் கட்டும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஐந்து நிமிடம் திரையைப் பார்க்காமல் பிள்ளையின் விரலைப் பாருங்கள். எண்ணித் தொடுகிறதா, தடவித் தட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு செல்லை மூடிவிட்டு அதே கணக்கைச் சட்டைப் பட்டன்களை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். (மூன்று வயதுக்குக் கீழே என்றால் பட்டன் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.) அங்கேயும் செய்தால் அது நல்ல விளையாட்டு; இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

கம்பெனி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. அந்தக் காப்பகத்தில் ஓர் எண் அட்டை, ஒரு பரமபதம், எண்ணிச் சொல்லித் தர ஒரு பெண் என்று ஏற்பாடு செய்யுங்கள். ஒரு டேப்லெட் வாங்கும் காசைவிடக் குறைவில் முதல் இரண்டும் முடியும். மூன்றாவதற்குக் கொடுக்கும் சம்பளம்தான் உண்மையில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும்.