கழுத்து எக்ஸ்ரே: ஏழாவது எலும்பு எங்கே?

1/ சுவாமிமலை பக்கம் தென்னை மரத்துல இருந்து விழுந்தவர். பைக்ல நடுவுல உட்கார வச்சு கூட்டிட்டு வந்தாங்க. கையில வெளியே எடுத்த கழுத்து எக்ஸ்ரே. "நார்மல்னு சொல்லிட்டாங்க சார், வலிக்கு ஊசி மட்டும் போடுங்க." எண்ணிப் பார்த்தேன். படத்துல ஆறு எலும்புதான் இருந்துச்சு.

2/ மனுஷக் கழுத்தில் எலும்பு ஏழு. அசையும் கழுத்து, அதிகம் அசையாத முதுகோடு சேருகிற இடம் ஏழாவதுக்குக் கீழே. அடிபட்டால் முறிவு வரக்கூடிய இடம் அது. பக்கவாட்டுப் படத்தில் தோள்பட்டை அதைத்தான் மறைக்கும். தெரியாத எலும்பை எப்படி நார்மல்னு சொல்றது?

3/ அடிபடாமல், வெறும் கழுத்து வலிக்கு வந்தவர்னா உட்கார வச்சு, ரெண்டு கையிலும் எடை கொடுத்து, மூச்சை வெளியே விடச் சொல்வாங்க. தோள் இறங்கும், ஏழாவது தெரியும். அப்பவும் தெரியலைன்னா நீச்சல் அடிக்கிற மாதிரி ஒரு கை மேலே, ஒரு கை கீழே வச்சு இன்னொரு படம்.

4/ அடிபட்டவர் கதை வேற. படுத்தபடியே இருக்கணும். கழுத்து திரும்பக் கூடாது, மெஷின்தான் திரும்பணும். முதல் ரெண்டு எலும்புக்கு வாயைத் திறக்க வச்சு தனிப் படம். பலமான அடின்னா இன்னைக்கு சிடிதான் முதல் தேர்வு.

5/ இதெல்லாம் நேரம் எடுக்கும். ஆனா வெளியே என்ன சத்தம்? "ஒரு எக்ஸ்ரேக்கு இவ்வளவு நேரமா?", "தூக்கி நிக்க வச்சு எடுங்கப்பா." சுவாமியைப் பார்க்க 60 படி பொறுமையா ஏறுற நாம, இங்க பத்து நிமிஷம் பொறுக்க மாட்டோமா? மறுபடி எடுக்கணும்னு சொல்ற ரேடியோகிராபர் உங்களை அலைக்கழிக்கல, காப்பாத்துறார்.

6/ தப்பு உங்க மேல மட்டும் இல்ல. அரைகுறைப் படத்தைப் பார்த்து "நார்மல்" எழுதுற டாக்டர்களைத்தான் முதல்ல சொல்லணும். ஏழு தெரியலைன்னா "படம் போதாது"ன்னு எழுதுங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

7/ "அப்போ எல்லாருக்கும் எடுத்துடலாமே?" வேண்டாம். 2000-ல் வெளியான நெக்ஸஸ் ஆய்வு, 34,069 பேர். நடுக்கழுத்து எலும்பைத் தொட்டால் வலி இல்லை, போதை இல்லை, தெளிவான நினைவு, மரத்துப்போதலோ பலவீனமோ இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் இல்லை. அஞ்சும் சரின்னா படமே தேவைப்படாது. அதை டாக்டர் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணட்டும்.

8/ நீங்க செய்ய வேண்டியது: விழுந்தவரை உட்கார வைக்காதீங்க. சுளுக்கு எடுக்காதீங்க. தலையை ரெண்டு பக்கமும் அசையாம பிடிச்சுக்கிட்டு 108-ஐ கூப்பிடுங்க. சங்கிலி, தோடைக் கழற்ற தலையைத் தூக்காதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்.

9/ அவருக்கு சிடியில் ஏழாவது எலும்பில் முறிவு. பைக்ல ஒரு பள்ளம் பலமா தூக்கிப் போட்டிருந்தா கை கால் போயிருக்கலாம். நடந்து வீட்டுக்குப் போனார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. அடுத்த முறை படத்தைக் கையில் வாங்கினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், ஏழும் தெரியுதா?"