அழைப்பிதழில் விடுபட்ட தொழில்

கோபிசெட்டிபாளையத்து உற்றார் உறவினர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும்,

ஒருவர் செய்யும் தொழிலுக்கு ஊர் எந்தப் பெயரை வைக்கிறதோ, அதுவே அவருடைய மதிப்பாக நிலைத்துவிடுகிறது. தை மாதத் திருமண அழைப்பிதழில், மணமகளின் தாய்மாமன் எழுதியனுப்பிய 'வீடியோ கேம் வடிவமைப்பாளர்' என்பது நீக்கப்பட்டு, 'சாஃப்ட்வேர் இன்ஜினியர், கனடா' என அச்சானது ஊராருக்குச் சிறு திருத்தமாகத் தோன்றலாம். பதினோராண்டு உழைப்பை ஒரே கோட்டில் அடித்துவிட்டதாகவே இம்மடலை விடுப்பவர் அதைக் கருதுகிறார்.

'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பற்றவன் என்று பொருள்கொள்ளும் ஊரில் இத்தொழிலுக்கு மதிப்பு கிடைப்பது கடினமே. வீடியோ கேம் வடிவமைப்பில் லெவல் டிசைனர் என்பவர், ஆடுபவர் எங்கே தயங்குவார், எத்தனையாவது முயற்சியில் அவருக்கு வழி புலப்படும் என்பதை முன்கூட்டியே கணித்துக் களத்தை அமைப்பவர். டொரண்டோவில் உருவாகி 2023இல் வெளியான 'வெண்பா' என்னும் விளையாட்டில், 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை ஆடுபவரே கண்டறிய வேண்டும். ஊர் அடுக்களையின் கைப்பழக்கத்தைப் புதிராக்கிய அவ்விளையாட்டு, 2024இல் பாஃப்டா விருது பெற்றது.

ஆயினும் ஊராரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது; இத்தொழிலிலும் குறைகள் உண்டு. வெளியீட்டு நாள் நெருங்குகையில் வாரக்கணக்கில் நீளும் கூடுதல் உழைப்பைக் 'கிரஞ்ச்' என்பர்; 2004இல் அமெரிக்காவில் ஊழியர் ஒருவரின் துணைவி பெயர் குறிப்பிடாமல் எழுதிய திறந்த மடல்தான் அதை உலகறியச் செய்தது. வேலை நிலைப்பதும் உறுதியில்லை. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் மட்டும் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. தந்தையின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு இம்மடலை விடுக்கும் மகன் வராததற்கு விசாச் சிக்கலே காரணம் என ஊருக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது கிரஞ்ச் நடந்த மாதம். தொழிலின் பெயரை மறைப்பதில் அச்சகத்தாருக்கு முன்னோடி அவரே.

மணமகளின் தங்கை இவ்வாண்டு பொறியியல் கலந்தாய்வுக்குச் செல்கிறாள். விளையாட்டு உருவாக்கமே அவள் விருப்பம் என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. தான் அமைத்த களத்தில் முன்பின் அறியாத ஒருவர் சிக்கி, சிந்தித்து, வெளியேறும்போது கிடைக்கும் நிறைவையும், உறக்கமிழந்த இரவுகளையும் ஒருசேர எடுத்துரைத்தபின் முடிவை அவளிடமே விட்டுவிட வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். அவளுக்கென்று ஓர் அழைப்பிதழ் அச்சாகும் நாளில், தன் தொழிலென அவள் எழுதித் தருவது எழுத்துப் பிசகாமல் வரட்டும். மாமன் பெயரின்கீழ் எது வந்தாலும் சரி.

மான்ட்ரியலிலிருந்து,
மணமகளின் தாய்மாமன்